நடந்துதான் நடை பழக வேண்டும்

மூளைவாதம் உள்ள சிறு குழந்தைகளை ட்ரெட்மில்லில் ஏற்றி நடை பழக்கும் முறையை ஓர் இயந்திரத்தின் சாதனையாகச் சொல்வது வழக்கம். அதன் வரலாறு காட்டுவது வேறு. முதலில் உடலைச் சரிசெய்ய வேண்டும், பிறகுதான் நடக்கவிட வேண்டும் என்ற நெடுநாள் நம்பிக்கை உடைந்ததுதான் உண்மையான திருப்பம். கடினமான பிரசவத்துக்கும் குழந்தையின் கைகால் விறைப்புக்கும் உள்ள தொடர்பை 1861இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டில் முன்வைத்தார். கோளாறு மூளையில் என்று தெரிந்த பிறகும் சிகிச்சை காலிலேயே நின்றது. தசைநாணை வெட்டினார்கள், காலிப்பர் மாட்டினார்கள். 1940களில் பெர்டா, கரேல் போபாத் தம்பதி லண்டனில் நரம்பு மண்டலத்தின் மீது கவனத்தைத் திருப்பியது பெரிய முன்னேற்றம். ஆனால் சிரமப்பட்டு அசைந்தால் விறைப்பு கூடும் என்று அவர்கள் அஞ்சினார்கள். அதனால் சிகிச்சையாளரின் கை முதலில் தசையைத் தளர்த்த வேண்டியிருந்தது, நடை காத்திருந்தது.

இந்த வரிசையை அசைத்த சான்றுகள் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தன. மூளையின் தொடர்பு அறுந்த தண்டுவடமே நடையின் தாளத்தை உண்டாக்கும் என்று 1911இல் தாமஸ் கிரகாம் பிரவுன் பூனைகளில் காட்டினார். 1986இல் அமெரிக்காவில் எஸ்தர் தெலன், இன்னும் நடக்கத் தொடங்காத ஏழு மாதக் குழந்தைகளைத் தாங்கிப் பிடித்து, ஓடும் பட்டையில் நிறுத்தினார். கால்கள் மாறிமாறி அடி வைத்தன. 1997இல் கியூபெக்கில் கரோல் ரிச்சர்ட்ஸ் குழு, மூளைவாதம் உள்ள நான்கு சிறு குழந்தைகளுக்கு ட்ரெட்மில் பயிற்சி தந்து, அது சாத்தியம் என்று நிறுவியது. 2001இல் டேல் உல்ரிக் குழுவின் ஆய்வு வெளிவந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குப் பெற்றோரே வீட்டில் நாளுக்கு 8 நிமிடம், வாரம் 5 நாள் பயிற்சி தந்தனர். பயிற்சி பெறாதவர்களைவிட அக்குழந்தைகள் சராசரியாக 101 நாள் முன்னதாகத் தனியே நடந்தன.

டவுன் சிண்ட்ரோமும் மூளைவாதமும் ஒன்றல்ல என்ற மறுப்பு நியாயமானது. தண்டுவடம் தாளம் தரலாம். சமநிலையும் திசையும் மூளையிலிருந்தே வர வேண்டும், அடிபட்டிருப்பதும் அங்கேதான். ஆகவே பலன் குழந்தைக்குக் குழந்தை மாறும், அளவோடும் இருக்கும். இதைவிட வலுவான மறுப்பு 2010இல் மெல்போர்னிலிருந்து வந்தது. மூளைவாதம் உள்ள, பள்ளி வயதுப் பிள்ளைகளிடையே நடந்த அந்தச் சோதனையில், தரையில் நடந்து பழகியவர்களைவிட ட்ரெட்மில்லில் பழகியவர்கள் முந்தவில்லை. இதை ட்ரெட்மில்லின் தோல்வி என்று சொல்லலாம். பயிற்சியின் தோல்வி என்று சொல்ல முடியாது. அங்கே ஒப்பிடப்பட்ட இரண்டுமே நடைதான்.

அதனால் ஒரு சிகிச்சை நிலையத்தை அங்குள்ள கருவியின் விலையை வைத்து எடைபோடுவது தவறு. குழந்தை தன் முயற்சியில் எத்தனை அடி எடுத்து வைத்தது, எவ்வளவு அடிக்கடி வைத்தது என்பதே கேள்வி. கருவி இல்லாத ஊரிலும் பிடித்து நடக்க ஒரு கம்பியும் பொறுமையான துணையும் இருந்தால் அந்தப் பயிற்சி தொடங்கிவிடும். சில குழந்தைகளுக்குச் சக்கர நாற்காலியே அதிகச் சுதந்திரம் தரும்; அவர்களின் குழந்தைப்பருவம் முழுவதையும் பயிற்சிக்குக் கொடுத்துவிடக் கூடாது. நடக்க வாய்ப்புள்ள குழந்தையையோ, உடல் சரியாகட்டும் என்று சொல்லி இனியும் காக்கவைக்க நியாயமில்லை.