முகத்துவாரம் வரை ஒரு நடை

இயற்கை எழிலை நாடி உலாவச் செல்வதென்றால் உதகையையும் குற்றாலத்தையும் எண்ணுவோர் பலர். எனக்கு எலியட்ஸ் கடற்கரையிலிருந்து வடக்கே, ஊரூர் ஒல்காட் குப்பத்தின் வழியாக அடையாற்று முகத்துவாரம் வரை செல்லும் நடையே போதும். இடப்புறம் மரச்செறிவு, வலப்புறம் அலைகடல், அடிதோறும் சரித்திரம்.

புறப்படும் இடத்திலேயே கார்ல் ஷ்மிட் நினைவுச்சின்னம் நிற்கிறது. 1930-ஆம் ஆண்டு, கடலில் தத்தளித்தவர்களைக் காக்க முனைந்து தம் உயிரை ஈந்தவர் அவர். அடுத்து வருவது குப்பம். அதன் பெயரில் விளங்கும் கர்னல் ஒல்காட், 1882-இல் பிரம்மஞான சபையின் தலைமையகத்தை அடையாற்றில் அமைத்தவர். 1894-இல் தாழ்த்தப்பட்ட சிறுவர்க்கு இலவசப் பள்ளி கண்டவர். பள்ளிக்கூடத்திலேயே வாழ்நாளைக் கழித்த எனக்கு அப்பெயர் வணக்கத்துக்குரியது.

நடையின் முடிவில் முறிந்த பாலம். மீனவர் ஆற்றைக் கடப்பதற்காக 1967-இல் எழுந்தது. பத்தே ஆண்டுகளில், 1977-இல், அதன் ஒரு பகுதி வெள்ளத்துக்கு இரையாயிற்று. இன்று அதன் முன் நின்று படம் எடுப்போர் பலர். உழைக்கும் மக்களின் வழி அறுந்த இடம் அது என்று எண்ணுவோர் சிலரே.

நானும் ஒருநாள் காட்சியில் மயங்கி, மணலில் உலர்ந்த வலையொன்றை மிதித்துவிட்டேன். அருகிலிருந்த முதியவர் சினக்கவில்லை. “பார்த்து வாங்க ஐயா, அதுதான் எங்க சோறு” என்றார். அன்றுதான் அறிந்தேன்: நமக்கு உலாவுமிடம், அவர்களுக்கோ, உழவனுக்கு வயல் எதுவோ அது. நேயர்களே, அவ்வழி செல்வீராயின் வலையைச் சுற்றிச் செல்லுங்கள்.