கம்பிக்கும் ஒரு சாதி வரலாறு உண்டு

"பறைக்குழுவுக்குப் பழைய பாஸ் கிடார் ஒன்று கிடைத்திருக்கிறது தோழர். கம்பியெல்லாம் துருப்பிடித்துக் கிடக்கிறது. ரவுண்ட்வவுண்ட் போடவா, பிளாட்வவுண்ட் போடவா?" கோவில்பட்டிப் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் எங்களிடம் கேட்ட கேள்வி இது. கடைக்காரரிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். நாங்கள் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்லப்போகிறோம். எந்தக் கம்பியை மாட்டினாலும் அதற்குப் பின்னால் தோலையும் குடலையும் தொட்டு வேலை செய்தவர்களின் வரலாறு இருக்கிறது. அது தெரியாமல் மேடையேற வேண்டாம் என்று நினைக்கிறோம்.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். பாஸ் கிடாரின் கம்பி ஒற்றைக் கம்பி கிடையாது. நடுவில் ஓர் எஃகு இழை, அதைச் சுற்றி இன்னொரு கம்பி. சுற்றியிருப்பது உருண்டையான கம்பியாக இருந்தால் ரவுண்ட்வவுண்ட். விரலால் தடவினால் நெருநெருவென்று இருக்கும். ஒலி கணீரென்று வரும், விரல் நகரும்போது கீச்சுச் சத்தமும் கூடவே வரும். மேல்சுற்று தட்டையான பட்டைக் கம்பியாக இருந்தால் பிளாட்வவுண்ட். அது வழவழப்பானது. கீச்சு கிட்டத்தட்ட இருக்காது. ஒலி மந்தமாக, உருண்டையாக, 'தும்' என்று விழுந்து சீக்கிரம் அடங்கும்.

இந்த 'தும்' எங்கிருந்து வந்தது? லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பாஸை விற்பனைக்குக் கொண்டுவருவதற்கு முன்பு, அந்த இடத்தில் ஆளுயரத்துக்கு நின்றது டபுள் பாஸ். அதற்கு நெடுங்காலம் மாட்டப்பட்டது ஆட்டுக் குடலைக் கழுவி, சுரண்டி, முறுக்கி, உலர்த்திச் செய்த நரம்பு. 1950களில் மின்சார பாஸுக்கு வழக்கமாக இருந்த பிளாட்வவுண்ட், அந்தக் குடல் நரம்பின் மந்த ஒலிக்குப் பக்கத்தில் நிற்பது. ரவுண்ட்வவுண்டின் காலம் 1960களின் நடுவில், இங்கிலாந்தின் ரோட்டோசவுண்ட் நிறுவனமும் 'தி ஹூ' குழுவின் ஜான் என்ட்விசிலும் சேர்ந்து அதைப் பிரபலமாக்கிய பிறகு வந்தது. பாஸும் முன்னால் வந்து கத்த வேண்டும் என்று ராக் இசை விரும்பிய நேரம் அது.

'நரம்பு' என்ற சொல்லைக் கவனியுங்கள். சங்க இலக்கியத்தில் யாழின் தந்திக்குப் பெயரே நரம்புதான். அந்த யாழின் உடல்மேல் தோல் போர்த்தப்பட்டிருந்ததைப் பொருநராற்றுப்படை விரிவாக வர்ணிக்கிறது. புறநானூற்றின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார், துடி முழக்குபவரையும் யாழ் மீட்டும் பாணரையும் பறை அறைபவரையும் ஒரே வரிசையில், மதிப்போடு நிறுத்துகிறார். தோல் ஒரு பக்கம், தந்தி ஒரு பக்கம் என்ற பிரிவினை அங்கே இல்லை. பின்னால்தான் தந்தி வீட்டுக்குள் போனது, தோல் ஊருக்கு வெளியே நின்றது. மிருதங்கம் மட்டும் விதிவிலக்கு. அதற்குள்ளே எப்படி விட்டார்கள் என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

தென்மாவட்டத்துக்காரர்களான நமக்குத் தோலும் தந்தியும் பிரியாத கருவி ஒன்று இன்னும் உயிரோடு இருக்கிறது. வில்லுப்பாட்டு. கொடை விழாவில் பார்த்திருப்பீர்கள். பனங்கட்டையில் செய்த நீண்ட வில், அதில் முறுக்கி இழுத்துக் கட்டிய தோல் நாண், வரிசையாகத் தொங்கும் மணிகள், வீசுகோல். வில் ஒரு மண்குடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். குடத்தின் வாயில் பட்டையால் அடிக்கும்போது அடிவயிற்றில் இறங்குகிற அந்தச் சத்தத்தை நினைவுபடுத்திப் பாருங்கள். அதுதான் நம் ஊர் பாஸ். உடுக்கும் ஜால்ராவும் மேலே ஓடும், கீழே குடம் தாங்கும்.

அந்தத் தோல் நாணை அடித்துப் பாடப்படும் கதைகளில் ஒன்று முத்துப்பட்டன் கதை. பிராமணரான முத்துப்பட்டன், வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா மீது காதல் கொள்கிறான். பெண்ணின் தகப்பன் நிபந்தனை போடுகிறார். குடுமியை எடு, பூணூலைக் கழற்று, தோல் அறுத்துச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டு வா. அவன் கற்றுக்கொண்டு வருகிறான். மணம் முடித்த கையோடு மாமனாரின் மாடுகளைக் கொள்ளையர்களிடமிருந்து மீட்கப்போய் உயிர்விடுகிறான். பாபநாசம் மலைமேல் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்பவன் அவன்தான். இன்றும் அங்கே காணிக்கை செருப்பு.

நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் இந்தக் கதையைப் பதிப்பித்தார். அதோடு நமக்கு முக்கியமான இன்னொன்றையும் கவனப்படுத்தினார். பிற்காலத்தில் கதையில் ஓர் இடைச்செருகல் நுழைந்தது. பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பில் பிராமணப் பெண்கள்தானாம், காட்டில் கிடந்தவர்களை வாலப்பகடை எடுத்து வளர்த்தாராம். சாதி மீறிய காதல் சுத்தமாக்கப்பட்டுவிட்டது! செருப்புக் காணிக்கையை அழிக்க முடியவில்லை, பெண்களின் பிறப்பை மட்டும் மாற்றிவிட்டார்கள். தோல் இருக்கலாம், தோலுக்குரியவர் இருக்கக் கூடாது. இந்த ஒரு உத்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள், மீதி வரலாறு முழுக்க இதுவே திரும்பத் திரும்ப வரும்.

பகடை என்ற பெயர் கரிசல் வாசகர்களுக்குப் புதிதில்லை. பூமணியின் 'பிறகு' நாவல் 1979இல் வந்தது. அதன் மையத்தில் இருப்பவர் அழகிரிப் பகடை. ஒரு கரிசல் ஊரின் காலுக்குச் செருப்பும் கிணற்றுக்குத் தோல் வேலையும் யார் கையால் நடந்தன, அந்தக் கைக்கு ஊர் என்ன கொடுத்தது என்று அறிய விரும்பும் மாணவர்கள் ஆய்வேடுகளுக்கு முன் அதைப் படிக்கலாம். கமலை இறைப்பு இருந்தவரை தோல் இல்லாமல் தோட்டக்கால் நனையாது. பம்புசெட் வந்ததும் அந்தத் தேவை போனது. தேவை போன பிறகும் இழிவு மட்டும் அப்படியே நின்றது. சமூகவியல் வகுப்பில் 'தொழிலால் வந்த தீண்டாமை' என்று எளிதாக எழுதுவார்கள். தொழில் போன ஊர்களைப் பார்த்துவிட்டு எழுதினால் நன்றாக இருக்கும்.

இசை மேடைக்கு வருவோம். காருக்குறிச்சி அருணாசலம் கோவில்பட்டியில் வாழ்ந்து 1964இல் மறைந்த நாதஸ்வர மேதை. அவர் பெயர் இந்த ஊருக்குப் பெருமை, சந்தேகமில்லை. அவர் அருகில் முழங்கிய தவிலின் தோலைப் பதப்படுத்திய கைகள் யாருடையவை என்று எந்தக் கச்சேரி நோட்டீசும் சொன்னதில்லை. மிருதங்கத்தில் இது இன்னும் கூர்மை. மாடு, எருமை, ஆடு என்று மூன்று விலங்குகளின் தோல் அதில் இருக்கிறது. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்துகொடுத்தவர் தஞ்சாவூர் பர்லாந்து. மணி ஐயரின் நாதத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், அந்த நாதத்தைத் தோலுக்குள் வைத்தவரைப் பற்றி எழுதவில்லை. மிருதங்கம் செய்யும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020இல் வந்தது. அதன் வெளியீட்டுக்குக் கலாக்ஷேத்ரா முதலில் அரங்கு தந்தது, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றது. நிகழ்ச்சி ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியது. தோல் அரங்குக்குள் எப்போதும் போய்வந்துகொண்டிருந்தது. தோலைப் பற்றிய பேச்சுக்குத்தான் கதவு சாத்தப்பட்டது.

இப்போது பிளாட்வவுண்ட் கம்பிக்குப் புகழ் தந்த மனிதருக்கு வருவோம். ஜேம்ஸ் ஜேமர்சன். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1936இல் பிறந்த கறுப்பர். எடிஸ்டோ தீவில் கழிந்த சிறுவயதில், ஒரு குச்சியில் ரப்பரை இழுத்துக் கட்டி எறும்புப் புற்றில் செருகிச் சுண்டி, எறும்புகளை ஆடவைப்பாராம். ஒற்றை நாண், கீழே மண். வில்லுப்பாட்டுக் குடத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது வேற்று நாட்டுக் கதையாகவே தெரியவில்லை.

பிறகு டெட்ராய்ட் நகருக்குப் போய், டபுள் பாஸ் கற்று, மோட்டவுன் நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்ந்தார். அவர் கையில் இருந்தது 1962 மாடல் பிரிசிஷன் பாஸ், அதில் லா பெல்லா நிறுவனத்தின் தடித்த பிளாட்வவுண்ட் கம்பி. வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் வாசிப்பார். கம்பி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். படிந்த அழுக்கில்தான் ஒலியே இருக்கிறது என்பது அவர் கட்சி. 1960களில் உலகமே ஆடிய மோட்டவுன் பாடல்களின் அடித்தளம் அந்த ஒற்றை விரல்தான். இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் இல்லை. கூட வாசித்தவர்கள் பெயரும் இல்லை. 1971இல் மார்வின் கே தன் 'வாட்ஸ் கோயிங் ஆன்' தொகுப்பில் போட்ட பிறகுதான் மோட்டவுன் உறையில் அவர் பெயர் அச்சானது. 1983இல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழாவுக்கு அவரை அழைக்கவில்லை. தானே சீட்டு வாங்கிப் போய் மாடத்தில் உட்கார்ந்து பார்த்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், 47 வயதில் இறந்தார். ராக் அண்ட் ரோல் பெருமன்றத்தில் 2000ஆம் ஆண்டு இடம் கொடுத்தார்கள். செத்தவருக்கு மாலை போடுவதில் எல்லா நாடும் ஒரே மாதிரிதான்.

இனவெறியும் சாதியும் ஒன்று என்று அவசரமாகச் சமன் செய்ய நாங்கள் விரும்பவில்லை. ஜேமர்சனின் முதலாளி பெர்ரி கோர்டியும் கறுப்பர்தான். அதனாலேயே இந்தக் கதை நமக்குக் கூடுதலாகப் பயன்படும். நம்மவர் நடத்தும் குழுவிலும் கீழே தாங்குபவரின் பெயர் விடுபடலாம்.

நம் பறையின் வரலாறு வேறு வழியில் வந்தது. சாவு வீட்டில் பறையடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று சொன்னது பல ஊர்களில் நம் முன்னோரின் முதல் போராட்டம். அடி வாங்கினார்கள், ஊர்விலக்கம் பட்டார்கள். அந்த மறுப்பைக் குறைத்துப் பேசும் உரிமை இன்றைய பறைக் கலைஞர் எவருக்கும் இல்லை. பிறகு, குறிப்பாக 1990களில், அதே பறையை விடுதலைக் கருவியாகத் திரும்பக் கையில் எடுத்தோம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்று அழைக்கப்பட்ட தியாபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையிலேயே வழிபாட்டைக் கட்டினார். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைத் தோளில் போட்டார்கள். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியபோது பறையும் சட்டியும் கட்டமோளமும் கிடாருக்கும் பாஸுக்கும் பக்கத்தில் நின்றன. அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பெயர் எடுத்த குழு அது.

பறையை விட்டுவிட்டு கிடாருக்குப் போனால் இழிவு போய்விடும் என்று சில தம்பிகள் நினைக்கிறார்கள். அந்த ஆசையை நாங்கள் கேலி செய்ய மாட்டோம், அது எங்கிருந்து வருகிறது என்று தெரியும். ஆனால் பாஸ் கம்பியின் பூர்விகமும் கழுவிய குடல்தான் தம்பி. ஓடி ஒளிய அங்கே இடமில்லை. பறைக்குப் பக்கத்தில் நிற்கத் தாராளமாக இடமிருக்கிறது.

சரி, எதைப் போடுவது? பறை இருக்கும் குழுவுக்கு எங்கள் பரிந்துரை பிளாட்வவுண்ட். சிண்டுக்குச்சி விழும்போது வரும் 'சளீர்' மேல் ஒலியில் இருக்கிறது. ரவுண்ட்வவுண்டின் கணீரும் அதே இடத்துக்குப் போட்டி போடும். பிளாட்வவுண்ட் கீழே இருந்துகொள்ளும், சீக்கிரம் அடங்கி அடுத்த அடிக்கு வழிவிடும். இன்னொரு காரணம் நம் ஊர் வெயிலும் புழுதியும். ரவுண்ட்வவுண்டின் பள்ளங்களில் வியர்வையும் கரிசல் தூசியும் ஏறிச் சில மாதத்தில் ஒலி செத்துவிடும். பிளாட்வவுண்ட் விலை கூடுதல், ஆனால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. பாஸின் அடிக்கம்பி சுமார் 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. தெருமுனைக் கூட்டத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கியில் அது வெளியே வராது. பாக்ஸ் ஸ்பீக்கர் கிடைக்காத ஊர்களிலேயே அதிகம் வாசிப்பீர்கள் என்றால், ரவுண்ட்வவுண்டைச் சுற்றிய பின் மேலே தேய்த்துச் சமன் செய்த ஹாஃப்ரவுண்ட் வகையைப் பாருங்கள். ஓரளவு கணீரும் இருக்கும், கையையும் அறுக்காது.

ஜேமர்சன் போட்டாரென்று 52 முதல் 110 வரையிலான தடித்த செட்டை வாங்க வேண்டாம். பழைய கிடாரின் கழுத்து வளைந்துவிடும், பழகாத விரலும் நோகும். 45 முதல் 105 வரை, அல்லது அதற்கும் மெலிந்தது போதும். வாங்குமுன் கிடாரின் நீளத்தை அளந்துகொள்ளுங்கள். நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை 34 அங்குலமா, 30 அங்குலமா என்று பார்த்து அதற்கான செட்டைக் கேளுங்கள். மாட்டும்போது மிச்சக் கம்பியை வெட்டும் இடத்துக்கு முன்னால் செங்குத்தாக மடித்துவிட்டு வெட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளிழை வழுக்கிச் சுற்று தளர்ந்துவிடும். நிகழ்ச்சி நோட்டீஸ் அடிக்கும்போது பாஸ் வாசிப்பவர் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விடுங்கள். பறைக்குத் தோல் கட்டிக் கொடுத்தவரின் பெயரையும் ஊரையும் அவரிடமே கேட்டு, எழுத்துப்பிழை இல்லாமல் அங்கே போடுங்கள்.