தாங்காவில் தோற்றது துப்பாக்கியா?

உத்திரமேரூருக்கு வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், பாலாற்றங்கரையில் அமைந்தது வாலாஜாபாத். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜாவின் பெயர் தாங்கிய ஊர் இது. (இராணிப்பேட்டையை அடுத்த வாலாஜாப்பேட்டையோடு இதனைக் குழப்பிக்கொள்வோர் உளர், அது வேறு.) கும்பினியார் காலத்தில் இங்கே படைவீடு இருந்தது. பழைய சென்னை இராணுவத்தின் பட்டாளமொன்று இவ்வூர்ப் பெயராலேயே ‘வாலாஜாபாத் இலகு காலாட்படை’ என வழங்கிற்று. 1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது அதன் எண் 83. பாளையங்கோட்டையின் பெயர் பூண்ட 63ஆம் பட்டாளமும் அந்நாளில் இருந்தது. தென்னாட்டு முஸ்லிம்களும், தமிழ் இந்துக்களும், ஒடுக்கப்பட்ட வகுப்பினரும், கிறித்தவர்களும் சென்னைப் பட்டாளங்களில் ஒருங்கே பணிபுரிந்தனர். அவர்களைப் பற்றி ஆங்கிலேயர் எழுதிவைத்த தீர்ப்பொன்றை மறுவிசாரணை செய்ய வேண்டியிருக்கிறது. அதற்கு முதலில் துப்பாக்கிகளைப் பற்றிச் சிறிது பேசியாக வேண்டும்.

ஒவ்வொரு தோட்டாவுக்கும் தாழ்ப்பாளைப் போன்ற போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் ரைபிள்களே இரு உலகப்போர்களிலும் காலாட்படையின் கைவாள். அவற்றுள் தலையாயவை இரண்டு. ஒன்று பிரிட்டனின் லீ-என்ஃபீல்டு. நம் காவல்துறையால் நாடறிந்த ‘த்ரீ நாட் த்ரீ’. மற்றொன்று ஜெர்மனியின் 1898ஆம் ஆண்டு மௌசர். மௌசரின் போல்ட், தோட்டாவை ஒட்டி முன்புறத்திலேயே பூட்டிக்கொள்ளும். ஆதலின் உறுதி மிகுந்தது. அமெரிக்கர்கூடத் தம் 1903ஆம் ஆண்டு ஸ்பிரிங்ஃபீல்டில் அவ்வமைப்பைக் கையாண்டு, மௌசர் கம்பெனிக்கு உரிமைப்பணம் செலுத்தினர். லீ-என்ஃபீல்டின் பூட்டு பின்புறத்தில் உள்ளது. உறுதியில் ஒரு படி குறைவெனினும், கைப்பிடியைக் குறைவாகத் திருப்பினால் போதும். இழுக்கும் தூரமும் குறைவு. மௌசர் ஐந்து தோட்டாக்களைக் கொள்ள, இது பத்தைக் கொள்ளும். பயிற்சி பெற்ற பிரிட்டிஷ் சிப்பாய், 300 கஜத்திலுள்ள இலக்கை நோக்கி நிமிடத்திற்குப் பதினைந்து குண்டுகள் சுட வேண்டுமென்பது அக்காலத்து விதி. ருஷ்யரின் மோசின், பிரெஞ்சுக்காரரின் லெபெல், ஜப்பானியரின் அரிசாகா ஆகியவற்றுக்கும் தனித்தனிக் குணங்கள் உண்டு. வேட்டையாடுபவன் மௌசரையும், பதுங்குகுழியில் நிற்பவன் லீ-என்ஃபீல்டையும் கேட்பான் என்பது என் கணிப்பு.

இந்த ‘என்ஃபீல்டு’ என்னும் பெயர் நமக்குப் புதிதன்று. இலண்டனை அடுத்த அவ்வூர்த் தொழிற்சாலையின் முந்தைய துப்பாக்கிக்குரிய தோட்டா உறையில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவப்பட்டதாக எழுந்த செய்தியே 1857இன் பெருநெருப்புக்குப் பொறியாயிற்று. அதன்பின் வெள்ளையர் ஒரு பாடம் கற்றனர்: இந்தியச் சிப்பாயின் கையில் தம் சிப்பாயின் துப்பாக்கியைவிட ஒரு தலைமுறை பழையதையே தருவது. வெள்ளைப் படைக்கு மார்ட்டினி-ஹென்றி வந்தபோது இந்தியனுக்கு ஸ்னைடர். அவர்களுக்கு லீ-மெட்ஃபோர்டு வந்தபோது இவனுக்கு மார்ட்டினி. 1914இல் பிரான்சுக்குச் சென்ற இந்தியப் படைகள், மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கிய பின்னரே பழைய ரைபிளை ஒப்படைத்துப் புதிய மாதிரியைப் பெற்றன. அறியாத ஆயுதத்தோடு உலகின் முதல்தரப் படையை எதிர்கொள்ளச் சென்றவர்கள் அவர்கள்.

இனி, தாங்கா. இன்றைய தான்சானியாவில், இந்துமாக்கடலோரத்தில் உள்ள துறைமுகம். அன்று ஜெர்மன் கிழக்காப்பிரிக்காவைச் சேர்ந்தது. அதனைக் கைப்பற்ற ஜெனரல் எயிட்கன் தலைமையில் சுமார் 8,000 பேர் கொண்ட படை 1914 அக்டோபரில் பம்பாயிலிருந்து கப்பலேறியது. பாளையங்கோட்டைப் பட்டாளமும் அதில் ஒன்று. சில பட்டாளங்களுக்குப் புதிய லீ-என்ஃபீல்டு கிடைத்ததே புறப்படுவதற்குச் சற்று முன்புதான். வாரக்கணக்கில் நெரிசலான கப்பலில் கிடந்து, கடல்நோயால் நலிந்தவர்களுக்குக் கரையில் இளைப்பாற அவகாசம் தர எயிட்கன் இசையவில்லை. ஆப்பிரிக்கச் சிப்பாய்களை அவர் துச்சமாக எண்ணினார். இது போதாதென்று, தாக்குதலுக்கு முன் கடற்படை அதிகாரி ஒருவர் நகருக்குச் சென்று, முன்னர் செய்துகொண்ட போர்நிறுத்தம் முடிந்ததென முறைப்படி அறிவித்தும் வந்தார்!

எதிரே லெட்டோ-ஃபோர்பெக்கின் வீரர்கள் ஏறக்குறைய 1,000 பேர். பெரும்பாலோர் ‘அஸ்காரிகள்’, அதாவது ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். ‘அஸ்கர்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்த பெயர் இது; நம் ஏரி மதகு காக்கும் ‘லஸ்கர்’ அதற்கு உறவு என்பர். அக்காலனிப் படையின் பெரும்பகுதியிடம் இருந்தது 1871ஆம் ஆண்டு மௌசர். ஒரு தோட்டா இட்டுச் சுட்டபின் மறு தோட்டா இட வேண்டும். கரிமருந்தாகையால் ஒவ்வொரு வெடிக்கும் வெண்புகை எழுந்து, சுட்டவன் இருக்குமிடத்தைப் பகைவனுக்குக் காட்டிக்கொடுக்கும். பட்டியலிட்டு ஒப்பிடுவோர் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைக்கவே கூசுவர்.

ஆயினும் வென்றது புகை கக்கும் துப்பாக்கியே. நவம்பர் 3ஆம் நாள் முதலில் முன்னேறிய 13ஆம் இராஜபுத்திரப் பட்டாளமும் 61ஆம் பயனியர் பட்டாளமும் முறியடிக்கப்பட்டன. மறுநாள், கண்ணுக்கெட்டாத புதர்க்காட்டிலும் ரப்பர் தோட்டத்திலும் இயந்திரத் துப்பாக்கிகளின் சீறலுக்கு இடையே பாளையங்கோட்டைப் பட்டாளமும் 98ஆம் பட்டாளமும் நிலைகுலைந்து சிதறின. மரங்களில் இருந்த காட்டுத் தேனீக்கள் கலைந்து கொட்டியதும் உண்மை. ஜெர்மானியர் அவற்றைப் பழக்கி ஏவினர் என்பது வெறும் கட்டுக்கதை. காஷ்மீரப் படையினரும் லங்காஷையர் வெள்ளையரும் நகருக்குள் புகுந்தும் பயனின்றி, 5ஆம் நாள் அனைவரும் கப்பலேறினர். பிரிட்டிஷ் தரப்பில் மாண்டோரும் காயமுற்றோரும் 800க்கு மேல். கரையில் விட்டுச்சென்ற நூற்றுக்கணக்கான ரைபிள்களும் இலட்சக்கணக்கான தோட்டாக்களும் லெட்டோவின் மூன்று கம்பெனிகளுக்குப் புத்தாயுதம் ஆயின. அவருடைய அஸ்காரிகள் தம் மண்ணில், தமக்குப் பழகிய ஆயுதத்தோடு, நெடுநாள் பயிற்சி பெற்றவர்கள்.

பழி யார்மேல் விழுந்தது? எயிட்கன் பதவி இழந்தார் என்பது மெய். ஆயினும் ‘சென்னைச் சிப்பாய் போருக்கு ஆகான்’ என்ற பேச்சே ஓங்கி ஒலித்தது. இப்பேச்சு தாங்காவில் பிறந்ததன்று. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தளபதியாகவும், பின் 1893 வரை இந்தியப் படை முழுமைக்கும் தளபதியாகவும் இருந்த ராபர்ட்ஸ் பிரபு, ‘போர்க்குடிகள்’ என்னும் கொள்கையை வளர்த்து, தென்னாட்டாரை ஒதுக்கி, வடமேற்கிலிருந்து ஆள் சேர்த்தார். ஒதுக்கப்பட்ட பட்டாளங்கள் போர்முனை காணாமல் துருவேறின. பின்னர் அத்துருவையே இரத்தத்தின் குற்றம் என்றனர். இராஜபுத்திரர் போர்க்குடிகள் அல்லவா? முதல் நாள் அவர்களும் பின்வாங்கினரே! இக்கேள்வியை அத்தீர்ப்பு எழுதியோர் எழுப்பவில்லை.

போர் முடிந்தபின், சிக்கனத்தின் பெயரால் 1920களில் சென்னைக் காலாட்படைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. வாலாஜாபாத் பட்டாளமும் தப்பவில்லை. இரண்டாம் உலகப்போர் வந்ததும் ஆள் பஞ்சம் கொள்கையை விழுங்கியது: 1941-42இல் மதராஸ் ரெஜிமெண்டை மீண்டும் எழுப்பினர். அதன் வீரர்கள் பர்மாக் காடுகளில் அரிசாகா ஏந்திய ஜப்பானியரை எதிர்த்து நின்றனர். கையில் இருந்தது அதே .303, இம்முறை அதனைப் பழக நாள் இருந்தது. அந்த ரெஜிமெண்டின் நான்காம் பட்டாலியன் இன்றும் வாலாஜாபாத்தின் பெயரைத் தாங்கி வருகிறது.