ஐந்து பவுண்டுக் கடனும் கலைமகளிர் கோயிலும்

தம்மைக் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூறு காட்டும். கொடுக்கும் பொருளினும் கொடுக்கும் முறையே பெறுவோரின் மானத்தைக் காக்கும் என்பது அம்மறுப்பின் உட்பொருள். பதினெட்டாம் நூற்றாண்டு இலண்டனில், மெதடிஸ்டு இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெஸ்லியும் இவ்வுண்மையை உணர்ந்திருந்தார்.

வெடிவிபத்தில் சிதைந்து கிடந்த பழைய பீரங்கி வார்ப்படச் சாலை ஒன்றை 1739இல் வெஸ்லி பெற்றுச் செப்பனிட்டார். வழிபாட்டிடமாக மாறிய அக்கட்டடத்தை ஒட்டி அறப்பணிகள் பல வளர்ந்தன. ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி நடந்தது. ஆதரவற்ற கைம்பெண்களுக்கென இரு சிறு வீடுகள் அமர்த்தப்பட்டன. வெஸ்லியும் போதகர்களும் அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து, அவர்கள் உண்ட உணவையே உண்டனர். 1746இன் இறுதியில் தொடங்கிய இலவச மருந்தகத்தில் ஐந்து திங்களுக்குள் 500க்கும் மேற்பட்டோர் மருந்து பெற்றனர். வந்தவர் தம் சபையினரா அல்லரா என வெஸ்லி பார்க்கவில்லை. உதவ இயலாத போதும் வறியோர் மனம் நோகப் பேசலாகாது என்றும், அவர்தம் நிலையில் தம்மை வைத்தே அவரை நடத்தல் வேண்டும் என்றும் 1747இல் பொறுப்பாளர்க்கு விதி வகுத்தார்.

இப்பணிகளுள் தனித்து எண்ணத்தக்கது 1746இல் தோன்றிய கடன் நிதியாகும். முதலில் திரண்ட தொகை சற்றேறக்குறைய 30 பவுண்டு. ஒருவருக்கு 20 ஷில்லிங் வரை வழங்கப்பட்டது. வாரந்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்தி மூன்று திங்களுள் அதனை அடைத்தல் வேண்டும். திரும்பி வந்த பணம் அடுத்தவர் கைக்குச் சென்றது. ஒன்றரை ஆண்டில் 255 பேர் பயன்பெற்றனர். இரந்தவர் என்னும் இழிவு அவர்களைச் சாரவில்லை. பின்னாளில் கடன் வரம்பு 5 பவுண்டாக உயர்ந்தது.

அந்த ஐந்து பவுண்டைப் பெற்றவருள் ஒருவர் ஜேம்ஸ் லாக்கிங்டன் என்னும் செருப்புத் தொழிலாளி. கிறிஸ்துமஸ் விருந்துக்கு வைத்திருந்த அரை கிரவுன் நாணயத்தைக் கொடுத்து எட்வர்டு யங்கின் கவிதை நூலை வாங்கி வந்தவர் அவர். 1774இல் இலண்டனில் சிறு புத்தகக் கடை தொடங்கிய அவருக்குச் சபையின் வட்டியில்லாக் கடன் கைகொடுத்தது. விலை குறையாதிருக்க எஞ்சிய படிகளை அழிக்கும் வழக்கம் அக்காலப் புத்தக வணிகரிடம் இருந்தது. லாக்கிங்டன் அவற்றை வாங்கி அழிக்காது, ரொக்கத்துக்கு மட்டும் மலிவாக விற்றார். எளியோர் கைக்கும் நூல்கள் எட்டின. 1790களில் பின்ஸ்பரி சதுக்கத்தில் அவர் எழுப்பிய பெருங்கடை ‘கலைமகளிர் கோயில்’ எனப் பெயர் பெற்றது.

1791இல் வெஸ்லி மறைந்தார். அதே ஆண்டில் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில் லாக்கிங்டன் மெதடிஸ்டுகளை எள்ளி நகையாடினார். எனினும் கடன் பெற்ற செய்தியை அந்நூலிலேயே மறைக்காது எழுதினார். 1804இல் மற்றொரு நூலில் தம் ஏளனத்துக்கு வருந்தி மீண்டும் அச்சபையை நாடினார், சிற்றாலயங்களும் கட்டுவித்தார்.

அவர் மனம் மாறியதைக் கொண்டு மட்டும் அவ்வறத்தை அளத்தல் பொருந்தாது. பரிசில் பெற்ற நா புரவலரைப் புகழ்வதே உலகியல். அந்நிதியோ கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டதே அன்றிப் புகழுரையை வட்டியாகக் கேட்கவில்லை. பெற்றவர் தமக்குத் தோன்றியதை எழுதும் உரிமையுடன் நின்றார். அவர் எள்ளி எழுதிய நாள்களிலும், அழிவினின்று தப்பிய நூல்கள் அவர் கடை வழியே வறியோரின் இல்லங்களுக்குச் சென்றுகொண்டிருந்தன.