படம் பேசிற்று, பணம் தடுத்தது!

வழவழப்பான தாள், கண்ணைக் கவரும் அட்டை, பக்கமெல்லாம் படம் - இவை போதும், ஏடு வாழ்ந்துவிடும் என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் 'பிக்சர் போஸ்ட்' என்ற ஆங்கில வார ஏட்டின் வரலாற்றை அறிந்திடல் வேண்டும்.

1938 அக்டோபரில் பிரிட்டனிலே பிறந்தது அந்த ஏடு. பணம் போட்டவர் எட்வர்டு ஹல்ட்டன், பழமைக் கட்சிச் செல்வர். உயிர் ஊட்டியவர் ஆசிரியர் ஸ்டீபன் லோரன்ட். அங்கேரியில் பிறந்து, நாஜிகளின் சிறையிலே வாடி மீண்டவர். சீமான்களின் விருந்தையும் சீமாட்டிகளின் ஒய்யாரத்தையும் காட்டிவந்த படத்தாள்களுக்கிடையே, வேலையற்றோனின் வாட்டத்தைக் காட்டினார் அவர்! யூதர்மீது நாஜிகள் நடத்திய வெறியாட்டத்தை அவ்வாண்டு நவம்பரிலேயே அம்பலப்படுத்தினார். இரண்டு திங்களில், வாரந்தோறும் 17 இலட்சம் படிகள் விற்பனையாயின.

1940இல் லோரன்ட் அமெரிக்கா சென்றார். டாம் ஹாப்கின்சன் ஆசிரியரானார். குண்டுமழைக்கிடையே, 1941 சனவரியில், புதிய பிரிட்டனுக்கான திட்டத்தைத் தனி இதழாகத் தந்தார். அனைவர்க்கும் வேலை, குழந்தைகட்கு உதவித்தொகை, எல்லோர்க்கும் மருத்துவம்! அன்று கனவென்றனர் சிலர். 1948இல் பொது மருத்துவத் திட்டம் நாட்டிலே நடைமுறையாயிற்று.

பிறகு வந்தது 1950. கொரியப் போர்க்களம் சென்றனர், எழுத்தாளர் ஜேம்ஸ் கேமரனும் படப்பிடிப்பாளர் பெர்ட் ஹார்டியும். தென்கொரிய ஆட்சி தன் அரசியல் கைதிகளை வதைத்த கொடுமையைக் கண்டனர், எழுதினர், படமெடுத்தனர். பிரிட்டன் ஆதரித்த ஆட்சி அது! வெளியிடாதே என்றார் முதலாளி. வெளியிட்டே தீரவேண்டும் என்றார் ஆசிரியர். கட்டுரை நிறுத்தப்பட்டது. ஆசிரியர் நீக்கப்பட்டார்!

விற்பனை அதற்கு முன்பே சரியத் தொடங்கியிருந்தது, உண்மை. ஆனால், சரிவைத் தடுக்கும் வலிவு எது? மக்கள் கொண்ட நம்பிக்கையன்றோ! அதைத் துறந்த ஏடு, கேளிக்கையைத் துணைக்கழைத்தது. ஆசிரியர்களை மாற்றி மாற்றிப் பார்த்தது. 1952இல் விற்பனை பத்து இலட்சத்திற்கும் கீழே இறங்கிற்று. தொலைக்காட்சி வீடுதோறும் நுழைந்தது. விளம்பரப் பணம் அப்பக்கம் ஓடிற்று. 1957இல் ஏடு மூடப்பட்டது.

தொலைக்காட்சி கொன்றது என்பர். கொன்றதன்று, புதைத்தது! நாடி தளர்ந்தது, ஆசிரியரின் பேனா பறிக்கப்பட்ட அன்றே.

ஏடு நடத்த முனைந்திடும் இளைஞனே! தாளின் பளபளப்பை எண்ணி மயங்காதே. உண்மை முதலாளிக்குக் கசக்கும்போது, அச்சேற்றும் உரிமை எவர் கையில் என்று கேள். அதற்கு விடை கண்டபின் ஏட்டுக்குப் பெயர் சூட்டு!