தோட்டத்துத் திருமணப் படங்களும் அவற்றை எடுத்தவரும்



நம்மில் பலருடைய வீட்டு முன்கூடத்தில் பழைய திருமணப் படம் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை நாற்காலியில் அமர்ந்திருப்பார். பெண் பக்கத்தில் நிற்பாள். மாலை முழங்கால்வரை தொங்கும். இருவரும் சிரித்திருக்க மாட்டார்கள். படத்தில் இருப்பவர் யார் என்று கேட்டால் வீட்டுப் பெரியவர் உடனே சொல்லிவிடுவார். அந்தப் படத்தை எடுத்தவர் யார் என்று கேட்டால்தான் விடை கிடைப்பதில்லை. அம்மனிதரைப் பற்றியும், அவருடைய குடும்ப வாழ்க்கை பற்றியும், அவருடைய தொழில் இந்நாட்டில் வேரூன்றிய வரலாற்றைப் பற்றியும் இன்று சிறிது சிந்திப்போம்.

ஒளியைக் கொண்டு படம் பிடிக்கும் கலை 1839ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. நான்கே ஆண்டுகளில், 1843இல், சிங்கப்பூரில் விடுதி நடத்திவந்த டுட்ரொங்குவா என்பவர் அம்முறையில் உருவப்படம் எடுத்துத் தருவதாகச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். 1862இல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் சிங்கப்பூரில் படநிலையம் அமைத்தார். 1867இல் லாம்பர்ட் நிறுவனம் தோன்றியது. இவையெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கும் செல்வர்களுக்கும் உரியவையாக இருந்தன. கூலி வேலைக்கு வந்த நம் முன்னோர் அந்தப் படிகளில் ஏறியிருக்க மாட்டார்கள்.

ஆயினும் இந்த வரலாற்றின் தொடக்கத்திலேயே நம்மவர் இருவர் இருக்கின்றனர். தாம்சன் பினாங்கிலும் அதன் எதிர்க்கரையிலும் சில மாதங்கள் தங்கிப் படம் எடுத்தார். அப்போது மதராசைச் சேர்ந்த இருவரைப் பழக்கி, படம் அச்சிடும் வேலைக்கும் உதவிக்கும் வைத்துக்கொண்டதாக 1875இல் வெளிவந்த தம் பயண நூலில் எழுதியிருக்கிறார். அந்த இருவரின் பெயரை அவர் எழுதவில்லை. இந்தச் சிறு செய்தியை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முடிவில் இதற்குத் திரும்பி வருவோம்.

தோட்டத்து மக்களின் முகம் முதன்முதலாகப் பெருமளவில் படமானது திருமணத்துக்காக அன்று, அரசாங்கத்துக்காக. 1948ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆன எல்லாரும் படமும் கைரேகையும் பதித்த அடையாளக் கார்டு வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. பால்மரம் வெட்டி முடித்து வந்தவர்கள், கழுத்துத் துண்டைக் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பலருக்கு அதுவே வாழ்நாளின் முதற்படம். படக்கருவி என்றால் என்ன, அதன் முன் எப்படி நிற்பது என்பதைத் தோட்டம் அப்போது கற்றுக்கொண்டது எனலாம். 1950களில் சம்பளமும் சற்று நிலைபெற்றபோது, கல்யாணத்துக்குப் படக்காரரை அழைக்கும் வழக்கம் பரவியது.

எங்கள் பள்ளிக்கு அருகிலுள்ள சிறு பட்டணத்தில் அத்தகைய படக்காரர் ஒருவர் இருந்தார். 1950களின் நடுவிலிருந்து 1980களின் இறுதிவரை கடை வைத்திருந்தார். அவர் இப்போது இல்லை. அவருடைய மகன் எங்களுக்குச் சொன்னவற்றையும், மூத்தவர்களிடம் நாங்கள் கேட்டறிந்தவற்றையும் கொண்டே இதைக் கூறுகிறோம்.

முகூர்த்தம் விடியற்காலையில் என்றால் படக்காரர் முந்திய மாலையே சைக்கிளில் புறப்பட்டுவிடுவார். ஊரடங்கு இருந்த ஆண்டுகளில் பகலிலேயே போய்ச் சேர வேண்டும். இரவில் தோட்டப் பள்ளியின் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுத்துக்கொள்வார். அவர் கருவி மேலிருந்து குனிந்து பார்க்கும் வகையைச் சேர்ந்தது. ஜெர்மனியில் 1929இல் வந்த ரோலைபிளக்ஸ் அவ்வகையில் பேர்பெற்றது. பின்னர் ஜப்பானிய யாஷிகா மலிவாகக் கிடைத்தது. அதில் உருவம் இடம் வலமாக மாறித் தெரியும். ஒரு சுருளில் பன்னிரண்டு படம்தான். மூன்று சுருள் கொண்டுபோனால் முப்பத்தாறு படம். அதற்குள் ஒரு கல்யாணம் முழுவதும் அடங்க வேண்டும்.

விளக்கு வெளிச்சம் குறைந்த பந்தலில் மின்வெட்டுப் பல்பு ஒன்றைக் கருவியில் பொருத்துவார். ஒரு பல்பு ஒரு முறைதான் எரியும். அதற்கும் கணக்கு உண்டு. பல்புப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைத் தூரத்தின் அடிக்கணக்கால் வகுத்தால் கண்ணாடித் துவாரத்தின் அளவு கிடைக்கும். எண் 110, தூரம் பத்தடி என்றால் அளவு 11. கெட்டிமேளம் முழங்கும்போது இந்த வகுத்தலை அவர் மனத்துக்குள் செய்துகொண்டிருப்பார். தாலி ஒரு முறைதான் கட்டப்படும். தவறிவிட்டால் மறுபடி கட்டச் சொல்ல முடியாது அன்றோ? எரிந்த பல்புகளைப் பொறுக்கச் சிறுவர்கள் காத்திருப்பார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் கும்பல் படம். நடுவில் மணமக்கள், பக்கத்தில் பெற்றோர், பின்வரிசையில் கங்காணியும் கிராணியும், தரையில் பிள்ளைகள். யாரை எங்கே நிறுத்துவது என்பதில் மனத்தாங்கல் வராமல் பார்த்துக்கொள்வது படம் எடுப்பதைவிடக் கடினம் என்று அவர் சொல்வாராம். இன்று அந்தக் கும்பல் படங்களைப் பார்த்தால், அக்காலத்துத் தோட்டத்தின் ஏற்றத்தாழ்வு முழுவதும் வரிசை வரிசையாகத் தெரிகிறது.

நேயர்களே, படம் எடுப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி அவருடைய வீட்டில் நடந்தது. அதைச் செய்தவர்கள் அவருடைய மனைவியும் பிள்ளைகளும்.

கடைக்குப் பின்னால் குசினியை ஒட்டிய ஒரு சிறு அறையே இருட்டறை. பிலிம் கழுவும் மருந்து நீர் இருபது பாகை வெப்பத்தில் இருக்க வேண்டும். நம் நாட்டுத் தண்ணீரோ அதைவிட எப்போதும் சூடானது. சூடு மிகுந்தால் பிலிமின் மேற்பூச்சு இளகி வழிந்துவிடும். ஆகையால் மூத்த மகன் காப்பிக்கடைக்கு ஓடி ஐஸ்கட்டி வாங்கி வருவான். தட்டைச் சுற்றி ஐஸ் வைப்பார்கள். பூச்சு இறுகுவதற்காகப் படிகாரமும் சேர்ப்பார்கள். படத்தாளை ஹைப்போவில் போட்டு எடுத்த பிறகு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இல்லாவிட்டால் சில ஆண்டுகளில் படம் மஞ்சளாகி மங்கும். அந்தத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருப்பது இளைய பிள்ளைகளின் வேலை. பள்ளிப் பாடத்தைத் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துதான் படித்தோம் என்று மகன் கூறினார். நம் சுவரில் அறுபது ஆண்டு கழிந்தும் கறுப்பு கறுப்பாகவும் வெள்ளை வெள்ளையாகவும் நிற்கிறதென்றால், அது அந்தப் பிள்ளைகள் மாற்றிய தண்ணீரின் பயன்.

வண்ணம் தீட்டுவது மனைவியின் கை. எடுக்கப்படுவதோ கறுப்பு வெள்ளைப் படம். பெண் கட்டியிருந்தது அரக்கா பச்சையா என்று அதில் தெரியாது. எனவே படக்காரர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். தேதி, தோட்டத்தின் பெயர், மணமக்கள் பெயர், சேலை நிறம், கரை நிறம் ஆகியவற்றை அதில் குறித்துக்கொள்வார். அதைப் பார்த்து அந்த அம்மையார் பஞ்சைக் குச்சியில் சுற்றி, ஊடு தெரியும் எண்ணெய் வண்ணத்தைத் தொட்டுத் தொட்டுப் பூசுவார். குங்குமத்துக்கு மட்டும் மெல்லிய தூரிகை. அவர் எந்தத் திருமணத்துக்கும் போனதில்லை. ஆனால் சுற்றுவட்டாரத்து மணப்பெண் ஒவ்வொருத்தியின் கூறைச் சேலையும் அவருக்குத் தெரியும்.

பெண்ணைக் கொஞ்சம் சிவப்பாகக் காட்டுங்கள் என்று கேட்டு வருவோர் உண்டு. படக்காரர் அதற்கு இணங்கமாட்டார். "பெண்ணை வெளுக்கவைத்தால் தலையில் இருக்கும் மல்லிகை மறைந்துவிடும்" என்பார். தொழில் முறையிலும் அது உண்மை. வெளிறிய அச்சில் முகம் வெளுக்கும்போது பூவின் இதழ்களும் ஒன்றாகக் கலந்து தாளின் வெண்மையில் மறைந்துபோகும்.

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. எனவே வருமானமும் இல்லை. குடும்பம் கடனில் ஓடும் மாதங்கள் அவை. அவருடைய பொழுதுபோக்குக் கலைகள் வளர்ந்ததும் அம்மாதங்களிலேதான். பழைய மாவுச் சாக்குத் துணியைத் தைத்துச் சுண்ணாம்பு பூசி, தூணும் திரைச்சீலையும் தாமரைக்குளமுமாகப் பின்திரை எழுதுவார். கண்ணாடியின் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரே பிலிமில் இரு முறை எடுத்து, ஒரே ஆள் தன்னோடு தானே சதுரங்கம் ஆடுவதுபோல் வேடிக்கைப் படம் செய்து பிள்ளைகளைச் சிரிக்க வைப்பார். ஆண்டுத் தொடக்கத்தில் கித்தா மரங்கள் இலையுதிர்க்கும்போது, எப்போதும் இருண்டிருக்கும் தோட்டத்துக்குள் வெயில் இறங்கும். அந்த நாட்களில் ஒரு சுருளைத் தமக்கென்று ஒதுக்கிக்கொண்டு மரங்களை மட்டும் எடுத்து வருவாராம். காசு தராத அந்தப் படங்களில்தான் அவருக்கு மிகுந்த பெருமை.

தம் மகளின் திருமணத்தில் அவர் தாரை வார்க்க வேண்டியிருந்தது. எனவே பதினான்கு வயது மகன் கையில் கருவியைக் கொடுத்தார். பன்னிரண்டு படத்தில் மூன்றுதான் தேறின. ஒன்றில் பந்தல்கால் சாய்ந்திருக்கிறது. மகனிடம் உள்ளவற்றில் தந்தை வேலை உடையில்லாமல், வேட்டியும் சட்டையுமாக நிற்கும் படம் அது ஒன்றுதான்.

பின்னர் காலம் மாறியது. 1970களில் வண்ணப் பிலிம் பரவியது. அதைக் கழுவும் பணி பெரிய நிலையங்களுக்குப் போயிற்று. 1980களில் இயந்திரம் ஒரு மணி நேரத்தில் படம் தந்தது; வீடியோவும் வந்தது. ஐஸ்கட்டி, தொட்டி, பஞ்சுக்குச்சி எல்லாம் ஓய்ந்தன. இதில் ஒரு வியப்பு உண்டு. அக்காலத்து வண்ணப் படங்கள் பலவற்றில் நீலச்சாயம் முதலில் மங்கி, இன்று சிவந்து கிடக்கின்றன. அவற்றுக்கு முந்திய கறுப்பு வெள்ளைப் படங்களோ நன்றாக இருக்கின்றன.

இப்படங்கள் வெறும் அழகுப் பொருள்கள் அல்ல. முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைக் கட்டாயமாகப் பதிவு செய்யும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் நாள்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் மரபு வழியில் நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் கோயில் முன்னிலையில் தாலி கட்டிக்கொண்ட பலரிடம் எழுத்துச் சான்று எதுவும் இல்லை. எந்தத் தோட்டத்தில், யார் முன்னிலையில் மணம் நடந்தது என்பதற்கு வீட்டில் எஞ்சியது பெரும்பாலும் படம் ஒன்றே. 1969க்குப் பின் வேலை உரிமம் கிட்டாமல் பல்லாயிரவர் இந்தியா திரும்பியபோது உறவுகள் பிரிந்தன. பிற்காலத்தில் தோட்டங்கள் வீடமைப்பு நிலங்களாயின, லயங்கள் இடிக்கப்பட்டன. மணமக்களுக்குப் பின்னால் தற்செயலாக விழுந்த லயத்து வீடும் கோயில் ஆலமரமும் இன்று அந்தப் படத்தில் மட்டுமே இருக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் படக்காரரின் மகன் எங்களைத் தம் வீட்டுக்கு அழைத்தார். பிஸ்கட் டின்களில் நெகடிவ்கள் இருந்தன. திறந்ததும் புளித்த காடி வாடை வந்தது. வெப்பத்திலும் ஈரத்திலும் அவ்வகைப் பிலிம் சிதைந்துவருவதன் அடையாளம் அது. நோட்டுப் புத்தகத்தில் பாதியைக் கரையான் தின்றிருந்தது. மீந்த பக்கங்களுக்குரிய மணமக்களுக்குப் பெயர் இருக்கிறது. தின்ற பக்கங்களுக்குரியவர்களுக்குப் பெயர் இல்லை.

கெடாதவற்றைப் படியெடுத்துக்கொண்டு, தோட்டத்துக் கோயில் திருவிழாவன்று நாங்களும் மாணவர்களும் மண்டபத்தில் பாய் விரித்து அடுக்கினோம். பிரிந்துபோனவர்கள் ஆண்டுக்கொரு முறை கூடும் நாள் அது. வயதான பாட்டியர் மூக்குத்தியையும் அட்டியலையும் பார்த்தே ஆளைச் சொன்னார்கள். ஒரு பாட்டி ஒரு படத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் பேசாமலிருந்தார். லயம் இடிந்தபோது தொலைந்துபோன தம் சொந்தக் கல்யாணப் படம் அது. "சேலை மாம்பழ நிறம், பச்சைக் கரை" என்று மட்டும் சொன்னார். எங்கள் மாணவி அதைப் படத்தின் பின்னால் எழுதினாள். அன்று பெயர் கிடைத்தவை சில, கிடைக்காதவை பல. சொல்லக்கூடியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.

ஆகவே நேயர்களே, ஒரு வேண்டுகோள். இன்றிரவே சுவரிலுள்ள படத்தை இறக்குங்கள். பெரியவரை அருகில் அமர்த்தி, இருப்போர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றைக் கேளுங்கள். மென்மையான பென்சிலால், அழுத்தாமல், பின்புறத்தின் ஓரத்தில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் படியெடுத்தால் பெயர்களையும் உடன் சேர்த்து வையுங்கள். ஈரச்சுவரில் மாட்டாதீர்கள், நெகடிவைத் தூக்கி எறியாதீர்கள். பின்புறத்தில் கடையின் முத்திரை இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அதுவே அந்தக் குடும்பத்தின் கையெழுத்து.

பினாங்கில் தாம்சனுக்குப் படம் அச்சிட்டுத் தந்த இருவரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. இனிக் கிடைப்பதும் அரிது. நம் வீட்டுச் சுவரில் இருப்பவர்களின் பெயரோ இன்னும் ஒருவர் நாவில் இருக்கிறது. அதைக் கேட்டு எழுதிக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது.