கம்பமும் பாட்டும்: மலைநாட்டு வாய்மொழி மரபும் நூதனசாலையும்

வரலாறு எழுதப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது சான்று. கல்வெட்டும் செப்பேடும், அரசாணையும் கணக்கேடும் சான்றெனப் போற்றப்படுகின்றன. ஆயின், தம்மைப்பற்றித் தாமே எழுதிவையாத மக்களுக்கு, பிறர் கையெழுத்திலேயே பதியப்பட்ட மக்களுக்கு, எது சான்றாகும்? நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை முதலாய இடங்களிலுள்ள தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ் மக்களின் வரலாற்றை ஆராய்வார் எதிர்கொள்ளும் முதல் வினா இதுவேயாம்.

தோட்டங்களில் ஏடுகள் இல்லாமலில்லை. செக்ரோல் என்னும் பேரேட்டில் தொழிலாளியின் பெயரும், வேலைக்கு வந்த நாட்களும் குறிக்கப்பட்டன. துண்டுச் சீட்டில் அவர் பட்ட கடன் குறிக்கப்பட்டது. கொழுந்தின் நிறையையும் கூலியின் அளவையும் அவற்றிலிருந்து அறியலாம். கொழுந்து கொய்தவளின் உள்ளத்தை அறிதல் இயலாது. அதனை அறிவிப்பன அம்மக்களின் பாடல்களும் கூத்துகளுமே. அவை தொகுக்கப்பட்ட வரலாறும், அவற்றைக் காத்தற்குரிய நெறியும் ஈண்டு ஆராயப்படுகின்றன.

1820களில் மலைநாட்டிற் கோப்பிப் பயிர்ச்செய்கை தொடங்கிய காலந்தொட்டுத் திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் கங்காணிமாரால் அழைத்துவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைவரை அவர்கள் காட்டுவழியே நடந்தனர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பி இலையைத் துரு நோய் பற்றியது. 1880களின் நடுப்பகுதிக்குள் கோப்பித் தொழில் வீழ்ந்துபட்டது. இவை ஆவணங்கள் கூறும் செய்திகள்.

பாடல்கள் கூறுவன வேறு. கங்காணியின் ஆசைவார்த்தையை நம்பி ஊரைவிட்ட ஏக்கம், கணக்கப்பிள்ளையின் கடுமொழி, அட்டைக்கடி, பனிக்குளிர், கோப்பி மலையில் உடன்பிறந்தானைப் பறிகொடுத்தவளின் துயர் ஆகியன தாலாட்டிலும் ஒப்பாரியிலும் மலையிற் பாடும் தெம்மாங்கிலும் இடம்பெற்றன. கோப்பித் தொழில் அழிந்து ஏறக்குறைய 100 ஆண்டு கழிந்த பின்னரும், கோப்பித் தோட்டமொன்றைக் கண்டறியாத பெண்கள் கோப்பி மலையைப் பாடினர். எழுதப்படாத நினைவு எத்துணை உறுதியுடையது என்பதற்கு இது தக்க சான்று. பாடல் ஆண்டினைக் கூறாது, தொகையினைக் கூறாது. ஆதலின் ஏட்டினையும் பாட்டினையும் ஒருங்குவைத்து நோக்குதலே வரலாற்று மாணவர்க்குரிய முறையாம்.

பாடலினும் விரிந்ததொரு மரபு கூத்து. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகிய மூன்றும் தோட்டங்களிற் சிறப்பாக ஆடப்படுவன. இவற்றுள் காமன் கூத்து மாசி மாதத்துக்குரியது. அமாவாசை கழிந்தபின் தோட்டத்துப் பொது இடத்தில் காமன் கம்பம் நாட்டப்படும். அவ்விடம் காமன் பொட்டல் எனப்படும். அன்று தொடங்கி இரவுதோறும் தப்பு முழங்க, ரதி மன்மதன் கதை ஆட்டமும் பாட்டுமாக நிகழும். ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடைபெறும், சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்துபடுவான், ரதி புலம்புவாள். ஊரே கூடிநிற்கத் தகனம் நிகழும்.

இக்கம்பத்தின் இயல்பு கருதத்தக்கது. அது கோயிற் சிலைபோல நெடுங்காலம் நிற்பதன்று. ஆண்டுதோறும் புதிதாக நாட்டப்படுவது. தழையாலும் வைக்கோலாலும் ஆவது. காலம் முடிந்ததும் மறைவது. நிலைத்திருப்பது கம்பத்தைப்பற்றிய அறிவே. எந்நாளில் நாட்டுவது, யார் நாட்டுவது, எந்த இடத்தில் எந்தப் பாட்டைப் பாடுவது, எந்த ஆட்டத்துக்கு எந்தத் தாளத்தைத் தப்பில் எழுப்புவது என்பனவெல்லாம் ஆசானிடமிருந்து மாணாக்கனுக்கும், தந்தையிடமிருந்து மைந்தனுக்கும் வாய்வழியே வருவன. ஆசான் ஒருவர் பிறர்க்குப் பயிற்றாது மறைவாராயின், அத்தோட்டத்தில் மறுமாசியில் கம்பம் எழுதல் அரிது. இத்தகைய மரபை நூதனசாலையிற் காத்தல் எங்ஙனம்?

கம்பத்தோடு கதையைப் பிணைத்து வாழ்ந்த பிறிதொரு மக்களின் வரலாறு இவ்வினாவுக்கு விளக்கந் தருகின்றது. கனடாவின் மேற்குக் கரையில் வாழும் ஹைடா, நிஸ்கா, ஹைஸ்லா முதலிய பழங்குடியினர், பெரிய செவ்வகில் மரங்களிற் காகம், கழுகு, கரடி முதலிய உருவங்களைச் செதுக்கிக் குலக்குறிக் கம்பங்களாக நாட்டினர். ஒவ்வோர் உருவமும் ஒரு குடியின் பழங்கதையைக் குறிக்கும். கம்பம் நாட்டுங்கால் பெருவிருந்து நிகழ்த்தி, வந்தோரெதிரே கதையையும் உரிமையையும் எடுத்தோதுவர். பொட்லாச் எனப்படும் அவ்விருந்தைக் கனடா அரசாங்கம் 1884இல் இயற்றிய சட்டத்தால் தடைசெய்தது. 1951 வரை அத்தடை நீடித்தது. அக்காலத்திலேயே கம்பங்கள் பல அந்நிய நாட்டு நூதனசாலைகளைச் சென்றடைந்தன.

ஹைஸ்லா மக்களின் தலைவரொருவர் 1872இல் எழுப்பிய கம்பம் 1929இல் சுவீடனுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அதே 1929இல் நிஸ்கா மக்களின் நினைவுக் கம்பமொன்றை, பழங்கதைகளையும் பாடல்களையும் பெருந்தொகையாகத் தொகுத்த மரியஸ் பார்போ என்னும் ஆய்வாளர் எடுத்துச் சென்றார். அது ஸ்கொட்லாந்து நூதனசாலையை அடைந்தது. வேண்டுகோள் விடுத்தும் வாதாடியும் முன்னதை 2006இலும் பின்னதை 2023இலும் அம்மக்கள் மீட்டுக்கொண்டனர். ஹைஸ்லா மக்கள் தம் கம்பத்துக்கு ஈடாகப் புதிய படியொன்றைச் செதுக்கிச் சுவீடனுக்கு வழங்கினர் என்பது நினையத்தக்கது. கம்பம் பிரிந்திருந்த காலத்திலும் கதையை அவர்கள் மறந்திலர். கதை வாழ்ந்தமையாலேயே கம்பம் யாருடையதென நிறுவ இயன்றது. தொகுத்தவரின் அறிவுப்பணி பெரிதாயினும், உரியவரின் இசைவின்றிக் கொண்டதொரு பொருளை அப்பணி நியாயப்படுத்தாது என்பதும் இதனால் விளங்கும்.

மலைநாட்டிலோ கூத்தினைத் தடுக்கும் சட்டம் எழவில்லை. ஆடும் மக்களையே நாடற்றோராக்கும் சட்டம் எழுந்தது. 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இன் 3ஆம் இலக்கச் சட்டமும் தந்தையின் பிறப்பையும் இடையறாத வதிவையும் எழுத்தால் நிறுவக் கோரின. பிறப்பு பதியப்படாத லயன் அறைகளில் பிறந்தோரிடம் காட்டுதற்குப் பத்திரம் இருக்கவில்லை. பாட்டனார் வெட்டிய மலையைப் பாடும் பாட்டு இருந்தது; அதனை எந்த அலுவலகமும் சான்றாக ஏற்கவில்லை. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான ஸ்ரீமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியோரென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்தன. நீலகிரிக்கும் பிறவிடங்களுக்கும் சென்றோருடன் பாடல்களும் கடல் கடந்தன. உடன்பிறந்தாருள் ஒருவர் தாய்நாடெனச் சொல்லப்பட்ட நாட்டுக்கும், ஒருவர் பிறந்த தோட்டத்துக்குமாகப் பிரிந்தனர். எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களாலேயே தீர்வுற்றது.

இக்காலத்தில் எழுந்த தொகுப்புப் பணி தனிச் சிறப்புடையது. தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை, தொழிலாளர் நிலையை அவர்க்குப் பழகிய மெட்டுகளிலேயே பாடலாக்கி 1940இல் வெளியிட்டார். மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான ஸி. வி. வேலுப்பிள்ளை, மக்கள் வாயிலிருந்து திரட்டிய பாடல்களை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என 1983இல் நூலாக்கினார். மறு ஆண்டு அவர் மறைந்தார். பின்னர் சாரல்நாடன் வாய்மொழி இலக்கியத்தையும், மாத்தளை வடிவேலன் மரபுக் கலைகளையும் ஆராய்ந்து நூல்கள் தந்தனர். இவர்கள் வெளியிலிருந்து வந்து தொகுத்தவரல்லர், மலையகத்தைச் சேர்ந்தவரே. பார்போவின் பணிக்கும் இவர்தம் பணிக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

நூதனசாலைகளின் கண் இம்மக்கள்மீது படுதற்கு நெடுங்காலம் சென்றது. கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட தொழிற்சாலையொன்று 2001இல் தேயிலை நூதனசாலையாயிற்று; ஆங்குப் பழைய யந்திரங்கள் அணிசெய்கின்றன. யந்திரத்துக்குக் கொழுந்து கொணர்ந்தவரின் வாழ்வைக் காட்டும் நோக்குடன், கம்பளைக்கு அண்மையிலுள்ள ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் பழைய லயன் அறைகளைத் திருத்தி, சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையையும் சுவடிக்கூடத்தையும் அமைத்தது. வீட்டுப் பொருட்களும் வேலைக் கருவிகளும் பழைய பத்திரங்களும் அவை வழங்கிய இடத்திலேயே வைக்கப்பட்டமை பொருத்தமுடைத்து. 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனத்தின் இணைய வைப்பிலும் மலையக நூல்கள் பேணப்படுகின்றன.

எனினும், தப்பைச் சுவரில் தொங்கவிடுதல் கூத்தினைக் காத்ததாகாது. பதிவு முழுமையுற வேண்டுமாயின் சில நெறிகள் இன்றியமையாதன. பாடலின் சொல்லோடு மெட்டும் தாளமும் ஒலியாகப் பதியப்படல் வேண்டும். பாடியவரின் பெயரும் தோட்டமும், பாடப்பட்ட வேளையும் அவரிசைவுடன் குறிக்கப்படல் வேண்டும். ‘நாட்டார் பாடல்’ என்னும் பொதுப்பெயரில் பாடியவர் மறைந்துபோதல் செக்ரோலின் குறையையே மீளச் செய்வதாகும். தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் பாடங்களைத் திருத்தாது உள்ளவாறே கொள்ளல் வேண்டும். தப்பு முழக்குவோரைச் சாதியாற் தாழ்த்திய சமுதாயம், அவர்தம் கலையை மட்டும் போற்றி அவரை மறத்தல் அறமன்று. இறுதியாக, எடுத்த பதிவின் படி அதனைத் தந்த தோட்டத்துக்கே மீளல் வேண்டும். ஆங்குள்ள பாடசாலை மாணவர் அதனைக் கேட்டுக் கற்றல் வேண்டும். சுவடிக்கூடம் முடிவிடமன்று, அடுத்த மாசிக் கூத்துக்குத் துணையாகும் இடம்.

2023இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைவுற்றதை முன்னிட்டு, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை முன்னோர் நடந்த வழியே பலர் நடந்தனர். அவ்வழியில் மாண்டோர்க்குக் கல்லறையில்லை; பெயர்ப் பட்டியலில்லை. அவர்தம் துயரை இத்துணைக் காலம் ஏந்திவந்தது மக்களின் நாவே. குடியுரிமைக்குப் பத்திரம் கேட்கப்பட்ட நாளில் ஏற்கப்படாத அச்சான்றினை வரலாறாவது ஏற்றல் வேண்டும். காமன் கம்பம் ஆண்டுதோறும் மறைந்து ஆண்டுதோறும் எழுகின்றது. அதனை எழுப்பும் அறிவு ஒருமுறை மறையின் மீள எழுதல் அரிது.